தெரியுமா? பிறந்த பிறகு கட்டப்படும் உறுப்பு!

ஒரு தாயின் மார்பகத்தில் பால் வரும் குழாய்கள் எத்தனை தெரியுமா? பதினைந்திலிருந்து இருபது வரை என்று பாடப்புத்தகங்களில் காலங்காலமாக எழுதியிருந்தது. அந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனால் 1840-ல் போய் நிற்போம்! லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இறந்துபோன பெண்களின் மார்பகக் குழாய்களுக்குள் வண்ண மெழுகைச் செலுத்தி, அவை எப்படிக் கிளை பிரிகின்றன என்று பார்த்துப் படங்களாக வெளியிட்டார். அவருடைய வேலையை அடியொற்றித்தான் அடுத்தடுத்த தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். 165 ஆண்டுகள்!

2005-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர், பால் கொடுக்கும் 21 தாய்மார்களை உட்காரவைத்து ஸ்கேன் கருவியால் பார்த்தார்கள். குழாய்கள் சராசரியாக ஒன்பதுதான். காம்புக்குக் கீழே பால் தேங்கி நிற்கும் சிறு பைகள் என்று எல்லாப் படங்களிலும் வரைந்திருந்தார்களே, அவை இல்லவே இல்லை. ஹார்ட்மன் ஆரம்பத்தில் பசுக்களின் பால்சுரப்பை ஆராய்ந்தவர். மாட்டின் மடியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த அளவுகூட மனிதத் தாயின் மார்பைப் பற்றித் தெரியவில்லையே என்பதுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் மார்பகப் புற்றுநோய். குழாய்க் கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. 2022-ல் மட்டும் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பேர். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். நோய் வந்த மார்பகத்தை லட்சக்கணக்கில் வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். நோய் வராத மார்பகத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்தச் சிலர் கண்டதெல்லாம் கேட்டால் மூச்சு முட்டும்.

அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை

கருவில் ஆறாவது வாரம். சிசு ஏறக்குறைய ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். அப்போதே அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை இரண்டு பக்கமும் மெல்லிய மேடு ஓடுகிறது. பால்வரி என்று அதற்குப் பெயர். நாய்க்கும் பன்றிக்கும் இந்த வரி நெடுகக் காம்புகள் வருகின்றன. மனிதரில் மார்பில் மட்டும் ஒரு ஜோடி நின்று மற்றது மறைந்துவிடும். முழுக்க மறையாமல் போனால்? சிலருக்கு மார்புக்குக் கீழேயோ வயிற்றிலோ மச்சம் போல ஒன்று இருக்கும். மச்சம் என்றே வாழ்நாள் முழுக்க நினைத்திருப்பார்கள். அது மூன்றாவது காம்பு! அக்குளில் பால்சுரப்பித் திசு மிச்சமிருப்பவர்களுக்குப் பிள்ளை பெற்றதும் அங்கே வீங்கி வலிக்கும்.

பிறந்து சில நாளான குழந்தையின் மார்பு லேசாகப் புடைத்து, காம்பில் ஓரிரு துளி பால்கூட வரலாம், தெரியுமா? ஆண் குழந்தைக்கும் வரும். தாயின் ஹார்மோன்கள் குழந்தையின் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. சில வாரத்தில் தானே வடிந்துவிடும். நம் ஊரில் இதைப் பிதுக்கி எடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பிஞ்சுத் திசுவில் கிருமி ஏறி சீழ் கட்டிவிடும். பெண் குழந்தையாக இருந்தால், பின்னாளில் மார்பகமாக வளர வேண்டிய மொத்த முதலும் அந்தக் கடுகளவு இடத்தில்தான் இருக்கிறது.

இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பிறக்கும்போதே வடிவெடுத்து வந்துவிடுகின்றன. மார்பகம் மட்டும் அஸ்திவாரத்தோடு நிறுத்தப்பட்ட கட்டடம் மாதிரிக் காத்திருக்கிறது. வயதுக்கு வரும் சமயத்தில்தான் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு குழாயின் நுனியிலும் ஒரு மொக்கு உண்டாகி, கொழுப்புத் திசுவுக்குள் கொடி படர்வது போல முன்னேறி, பிரிந்து, மறுபடி பிரிந்து போகிறது. குழாய் முடியும் இடத்தில் சின்னச் சின்ன அறைகள் கொத்தாகத் தொங்கும். வேப்பம்பூங்கொத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அப்படித்தான். இந்தக் கொத்தும் அதைத் தாங்கும் குழாய்நுனியும் சேர்ந்த இடத்தில்தான் பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் தொடங்குகின்றன!

அவ்வளவு வளர்ந்த பிறகும் கட்டடம் முடியவில்லை. கடைசித் தளம் எழும்புவது முதல் கர்ப்பத்தில்.

கட்டுமானம் நடக்கும் காலத்தில் அதிர்ச்சி விழுந்தால் என்ன ஆகும்? 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தபோது உயிர்தப்பிய பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அன்று நாற்பது வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் பெரிதாகக் கூடவில்லை. அன்று சிறுமிகளாகவும் பதின்வயதினராகவும் இருந்தவர்களுக்குத்தான் மிக அதிகமாகக் கூடியது. இன்னும் நெஞ்சை அடைக்கும் செய்தி ஒன்று உண்டு. அன்று பத்து வயதுகூட ஆகாத, மார்பு அரும்பவே தொடங்காத குழந்தைகளுக்கும் முப்பது நாற்பது வயதான பிறகு அந்தக் கூடுதல் தெரிந்தது. ஒரு சில செல்கள் மட்டுமே இருந்த அந்தக் கடுகளவு இடம், அன்று பட்டதை அத்தனை ஆண்டுகள் மறக்கவில்லை!

கன்னியர் மடத்தில் ஒரு மருத்துவர்

இத்தாலியில் பெர்னார்டினோ ரமாஸினி என்றொரு மருத்துவர். எந்தத் தொழில் செய்பவர்களுக்கு எந்த நோய் வருகிறது என்று முதன்முதலில் வரிசையாக எழுதி வைத்தவர். சுரங்கத் தொழிலாளர், குயவர், கண்ணாடி ஊதுபவர் என்று ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தார். 1700-ல் வெளிவந்த அவருடைய நூலில் கன்னியாஸ்திரீகளைப் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கிறது. மற்ற பெண்களைவிட இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறதே, ஏன்? ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலம். செல் பிரிகிறது என்று யாருக்கும் தெரியாத காலம். கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து அவர் எழுப்பிய கேள்விக்கு 300 ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

1926-ல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், நோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் எடுத்துக்கொண்டு, வாழ்க்கை விவரம் முழுவதையும் கேட்டு ஒப்பிட்டார். எத்தனை பிள்ளை, எந்த வயதில், எவ்வளவு காலம் பால் கொடுத்தீர்கள்? நோய் வந்தவர்களை வராதவர்களோடு வைத்து ஒப்பிடும் இந்த முறை இன்று மருத்துவ ஆய்வின் முதுகெலும்பு. அதன் முன்மாதிரி ஒரு பெண், பெண்களின் மார்பைப் பற்றிச் செய்த ஆய்வு!

1970-ல் ஹார்வர்டின் பிரையன் மக்மஹோன் குழு உலகின் ஏழு இடங்களில் கணக்கெடுத்தது. 18 வயதுக்குள் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு இருக்கும் அபாயம், 35-க்கு மேல் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று அது கண்டது. இதை வைத்துக்கொண்டு சின்ன வயதில் கல்யாணம் செய்துவைப்பதே நல்லது என்று யாராவது பேச வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். பதின்வயதுப் பிரசவம் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி வேறு. அந்த முதல் கர்ப்பம் மார்பகத்துக்குள் அப்படி என்னதான் செய்கிறது? கர்ப்பமே இல்லாமல் அந்தப் பாதுகாப்பை மட்டும் கொடுக்க முடியுமா?

பிலடெல்பியாவில் ஹோசே ரூசோ, இர்மா ரூசோ தம்பதியர் இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். அந்தக் கொத்துகளிலேயே வகைகள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். பிள்ளை பெறாத பெண்ணிடம் பெரும்பாலும் முதல் வகை: எளிய அமைப்பு, செல்கள் அடிக்கடி பிரியும். கர்ப்பம் முழுதாக முடிந்தவரிடம் மூன்றாம் வகை: அறைகள் அதிகம், செல்கள் தம் வேலையைக் கற்று முதிர்ந்தவை, அமைதியானவை. எலிகளுக்குக் கர்ப்பகால ஹார்மோன் ஒன்றை ஊசியாகப் போட்டு, பிறகு புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டி போட்ட எலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குட்டியே போடாத அந்த எலிகளுக்கும் கிடைத்தது!

இன்னொரு கணக்கும் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தோகோன் இனப் பெண்களுக்கு, தொடர்ந்து கர்ப்பமும் பாலூட்டலுமாக இருப்பதால், வாழ்நாளில் சுமார் 100 மாதவிலக்குதான் வருகிறது என்று பெவர்லி ஸ்ட்ராஸ்மன் கண்டறிந்தார். நகரத்துப் பெண்ணுக்கு 350, 400. ஒவ்வொரு சுழற்சியிலும் மார்பகச் செல்கள் ‘இந்த மாதம் பிள்ளை வரலாம்’ என்று பெருகத் தயாராகின்றன, வரவில்லை என்றதும் அடங்குகின்றன. நானூறு முறை!

செம்மறியாட்டுப் பண்ணையில் கிடைத்த மருந்து

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். ஜார்ஜ் பீட்சன், ஸ்காட்லாந்துக்காரர். 1870-களில் படிப்பு முடித்த இளம் மருத்துவர். மனநிலை சரியில்லாத ஒரு பணக்காரரைக் கவனித்துக்கொள்ள மேற்கு ஸ்காட்லாந்தின் எஸ்டேட் ஒன்றுக்குப் போனார். பெரிதாக வேலை இல்லை. பக்கத்தில் ஆட்டுப்பண்ணை. குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கும் பருவம். தாயாட்டின் மடி எப்படிச் சுரக்கிறது, எப்படி வற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், அதையே பட்ட ஆய்வுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் அவரை உலுக்கியது. சில நாடுகளில் விவசாயிகள் கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் பால் நீண்ட காலம் வற்றாமல் வருகிறது! அப்படியென்றால் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு உறுப்பு, தொடர்பே இல்லாமல் தூரத்தில் இருக்கும் மடியை ஆள்கிறதா? இரண்டையும் இணைக்கும் நரம்பைக்கூட யாரும் பார்த்ததில்லையே? நுண்ணோக்கியில் பால் சுரக்கும் மடியைப் பார்த்தபோது குழாய்களின் உள்சுவர்ச் செல்கள் அடுக்கடுக்காகப் பெருகியிருந்தன. புற்றுநோயிலும் அதே செல்கள்தான் அடுக்கடுக்காகப் பெருகுகின்றன. மடியில் பெருகியவை கரைந்து பாலாகின்றன. புற்றில் பெருகியவை கரையாமல் சுவரைத் தாண்டி உள்ளே இறங்குகின்றன.

1895 ஜூன். 33 வயதுப் பெண் ஒருவர். மார்பகத்தை எடுத்த பிறகும் அதே இடத்தில் நோய் திரும்பிவிட்டது. இனி எடுக்க இடமில்லை. பீட்சன் அவரிடம் விளக்கிச் சொன்னார், அவரும் சம்மதித்தார். கத்தி மார்பைத் தொடவே இல்லை. சினைப்பைகளை எடுத்தார். எட்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது மார்பில் இருந்த நோயின் தடயம் மறைந்திருந்தது. எல்லோருக்கும் இது பலிக்கவில்லை, நிலையாகவும் நிற்கவில்லை. ஆனாலும் ஈஸ்ட்ரோஜென் என்ற பொருளை உலகம் காண இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்! ஹார்மோன் சிகிச்சை என்று இன்று லட்சக்கணக்கான பெண்கள் விழுங்கும் மாத்திரைகளின் கதை ஒரு ஆட்டுக்குட்டி பால் மறந்ததைக் கவனித்ததில் தொடங்குகிறது.

அந்த வழியில் வந்ததுதான் தமாக்ஸிஃபென். 1960-களில் இங்கிலாந்தில் கருத்தடை மருந்தாகத் தயாரிக்கப்பட்டு, பெண்களிடம் அந்த வேலையைச் செய்யாமல் தோற்றுப்போனது. பிறகு புற்றுநோய் மருந்தானது. அதற்கும் பிறகு, நோய் வராத ஆனால் வர வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 1998-ல் வந்தது: மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது! வராமலே தடுக்க முடியும் என்பதற்கு அதுதான் முதல் பெரிய நிரூபணம். பக்கவிளைவுகள் உண்டு என்பதால் எல்லோருக்குமான மருந்து அல்ல, மருத்துவர் கணக்குப் பார்த்துத்தான் தருவார்.

இதற்குள் இன்னொரு ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜெனை வாங்கிக்கொள்ளும் வாசல் எல்லாச் செல்லிலும் இல்லை, சிலவற்றில்தான் உண்டு. ஹார்மோன் வந்ததும் அந்தச் செல்தான் பெருகும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1997-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் பார்த்தால், ஆரோக்கியமான மார்பகத்தில் அந்த வாசல் உள்ள செல் பெருகவே இல்லை! அது சேதியை வாங்கிப் பக்கத்துச் செல்லுக்குச் சொல்கிறது, பக்கத்துச் செல்தான் பெருகுகிறது. சேதி வாங்குவது ஒருவர், வேலை செய்வது இன்னொருவர் என்று ஒழுங்காக நடக்கும் வீடு. பெரும்பாலான புற்றில் இந்த ஒழுங்குதான் குலைகிறது. சேதி வாங்கும் செல்லே பெருகவும் ஆரம்பித்துவிடுகிறது. ஆரோக்கியமான மார்பகத்தை யாரும் எடுத்துப் பார்த்திருக்காவிட்டால் இது எந்தக் காலத்தில் தெரிந்திருக்கும்?

மல்லிகைச் சரமும் பால் மறப்பும்

எங்கள் பெரியம்மா மூன்று பிள்ளை பெற்றவர், வயது எழுபத்து நாலு. பால் மறக்கடிக்கக் காம்பில் வேப்பிலை அரைத்துத் தடவியதையும், கட்டிக்கொண்ட மார்பில் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்தை வைத்து மேலே துணி சுற்றியதையும் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார். பூ வாடினதும் எடுத்துப் போட்டுப் புதுச்சரம். ராத்திரி முழுக்க வலி, விடிந்தால் இளக்கம்.

இந்த மல்லிகையை ஆய்வு செய்திருக்கிறார்கள், தெரியுமா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், பாலை நிறுத்த வேண்டியிருந்த தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையும் மற்றவர்களுக்கு மல்லிகையும் கொடுத்து ஒப்பிட்டு, 1988-ல் வெளியிட்டார்கள். பால்சுரக்கும் ஹார்மோனான புரோலாக்டினை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. ஆனால் மல்லிகையும் குறைத்தது! மார்பு கட்டிக்கொள்வதும் பால் வருவதும் குறைந்ததில் இரண்டும் சமம்.

பால் நின்றதும் உள்ளே நடப்பது ஒரு மாபெரும் இடிப்பு. எலிகளில் கணக்கெடுத்தால், பால் சுரந்த செல்களில் பத்தில் எட்டுக்கு மேல் சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. யார் அள்ளுவது? எஞ்சியிருக்கும் அக்கம்பக்கத்துச் செல்களே இறந்தவற்றை விழுங்கித் துப்புரவு செய்கின்றன! அத்தனை செல்கள் சாகும் இடத்தில் புண் இல்லை, சீழ் இல்லை. அடுத்த கர்ப்பம் வந்தால் மறுபடி முதலிலிருந்து கட்டும்.

அந்த ஆற்றல் எங்கே இருக்கிறது? 2006-ல் மெல்போர்னில் ஜேன் விஸ்வாடர், ஜெஃப் லிண்டெமன் குழுவினர் ஒரு சுண்டெலியிடமிருந்து எடுத்த ஒரே ஒரு செல்லை இன்னொரு சுண்டெலியில் நட்டார்கள். அதிலிருந்து முழுப் பால்சுரப்பியும் முளைத்தது!

இந்த இடிப்புக் காலம் கவனமாக இருக்க வேண்டிய காலமும்கூட. காயம் ஆறும்போது நடக்கும் பல வேலைகள் அப்போது மார்பில் நடக்கின்றன, அவற்றைக் கெட்ட செல் ஒன்று தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். சுமார் 9 லட்சம் பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2019-ம் ஆண்டு ஆய்வு ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு அபாயம் சில காலம் கொஞ்சம் கூடி, ஐந்தாம் ஆண்டு வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கி, இருபது ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான் பாதுகாப்பாக மாறுகிறது என்று காட்டியது. இளம் தாய்மாருக்கு இந்த நோய் வருவது அரிதுதான். ஆனால் கைக்குழந்தைக்காரியின் மார்பில் எது தட்டுப்பட்டாலும் ‘பால் கட்டியிருக்கு, ஒத்தடம் கொடு’ என்று சொல்லிவிடுகிறோமே! குழந்தை குடித்தபிறகும், இரண்டு வாரம் ஆனபிறகும் கரையாத கட்டியை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பாலூட்டும்போதும் ஸ்கேன் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது.

பாலூட்டுவதன் பலனும் கணக்கில் இருக்கிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-ல் வெளிவந்த முடிவு இது: மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் இன்னொரு 7 விழுக்காடு. பால் வராத தாய்மார், பிள்ளை இல்லாதவர்கள் இதைப் படித்து மனம் வாடக் கூடாது. இது ஊர் முழுக்கச் சேர்த்துப் போட்ட கணக்கு. தனி ஒருத்தியின் தலையெழுத்து இல்லை.

நோயில்லாதவர்கள் கொடுத்த நூல்துண்டு

உங்கள் மார்பகம் உங்களைவிட வயதில் மூத்தது! 2013-ல் கலிபோர்னியாவின் ஸ்டீவ் ஹொர்வாத், மரபுப்பொருளில் படியும் ரசாயன அடையாளங்களை வைத்துத் திசுவின் வயதைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பெண்ணின் உடம்பில் மற்ற திசுக்களைவிட ஆரோக்கியமான மார்பகத் திசு இரண்டு மூன்று ஆண்டு அதிக வயதைக் காட்டியது. நானூறு முறை கட்டிக் கலைத்த உழைப்பின் தேய்மானமோ?

இதையெல்லாம் சோதிக்க நோயில்லாத திசு வேண்டுமே, எங்கே போவது? கட்டிக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தை எடுத்து அதைத்தான் நீண்ட காலம் ‘இயல்பானது’ என்று வைத்துக்கொண்டார்கள். புற்றின் அண்டை வீடு எப்படி இயல்பாக இருக்கும்? 2007-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு திசு வங்கி தொடங்கியது. எந்த நோயும் இல்லாத பெண்கள் தாமாக வந்து, மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு, பயாப்ஸி ஊசியால் மெல்லிய நூல்துண்டு மாதிரிச் சிறிது மார்பகத் திசுவைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுவார்கள். கூடவே ஒரு கேள்வி: கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது? ஐந்தாம் நாள் மார்பகமும் இருபத்திரண்டாம் நாள் மார்பகமும் ஒன்றல்லவே! 2012-ல் அந்த ஊரில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டித் திருவிழா நடந்தபோது, ஒரு வார இறுதியில் மட்டும் 700 பேர் வரை வந்து கொடுத்தார்கள். தனக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்து ஊசிக்கு மார்பைக் கொடுத்த அந்தப் பெண்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

2023-ல் ஆரோக்கியமான மார்பகத்தின் செல் வரைபடமே வந்துவிட்டது! 126 பெண்கள், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்கள், ஒவ்வொன்றாகப் படித்தார்கள். முக்கிய வகை 12, அவற்றின் நிலைகள் 58. நோய் எதிர்ப்புச் செல்கள் இத்தனை விதமாக அங்கே குடியிருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு கனடாவிலிருந்து இன்னொரு சேதி. புற்றுநோய் இல்லாத 28 பெண்களின் சுமார் 48,000 செல்களைப் பார்த்தார்கள். குழாயின் உள்சுவர்ச் செல்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டில், புற்றுச் செல்லில் இருப்பது போலவே குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் இருந்தன. அந்தப் பெண்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்! அப்படியென்றால் கெட்ட செல்லைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது யார்? சுற்றியிருக்கும் திசு என்று ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த மீனா பிஸ்ஸல் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். 1997-ல் அவர் குழு, புற்றுச் செல்களுக்கும் சுற்றுத் திசுவுக்கும் இடையே ஓடிய தவறான சேதி ஒன்றைத் தடுத்தது. தாறுமாறாகக் குவிந்திருந்த செல்கள் உருண்டையாக, வரிசையாக, பால்சுரப்பி அறை மாதிரியே அடங்கி உட்கார்ந்தன. மரபணுக்கள் அதே கெட்ட மரபணுக்கள்தான்!

உங்கள் கைக்குத் தெரியட்டும்

மார்பகம் அக்குள் வரை நீண்டு போகிறது, தெரியுமா? மேல்பக்கம் அக்குளை ஒட்டிய கால்பகுதியில்தான் பால்சுரப்பித் திசு அதிகம், புற்றும் அங்கேதான் அதிகம். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது இயல்பு. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கல்லுப்பிடித்தது போலக் கனத்து நெறிநெறியாகத் தட்டுப்படுவதும் பெரும்பாலும் இயல்பு, ஏனென்றால் சுழற்சியின் பின்பாதியில்தான் செல்கள் அதிகம் பெருகுகின்றன. அதனால் மாதவிலக்கு முடிந்த சில நாளில் தொட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிலவரம் தெரியும்.

மார்பகத்தின் அடர்த்தி கைக்குத் தெரியாது. மேமோகிராமில்தான் தெரியும். சுரப்பியும் நார்த்திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மூடுபனியில் கொக்கைத் தேடுவது போல! அடர்த்தி மிகக் குறைந்த மார்பகத்தைவிட மிக அடர்த்தியான மார்பகத்தில் நோய் வரும் வாய்ப்பே நாலைந்து மடங்கு அதிகம் என்பதால், அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து அடர்த்தியைப் பெண்ணுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நாமும் ரிப்போர்ட்டை வாங்கும்போது கேட்கலாம்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் 1998-ல் ஆரம்பித்து இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு நம் நாட்டின் பெருமை. மேமோகிராம் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஐம்பது வயதைக் கடந்தவர்களில் இந்த நோயால் நேர்ந்த இறப்பு கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்தது! எந்த இயந்திரமும் இல்லை. இயல்பான மார்பகம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரு பெண்ணின் விரல்கள்.

வேலூர் மல்லிகை ஆய்வைப் பெரியம்மாவிடம் சொன்னேன். ஆச்சரியமே படவில்லை. “இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேணும்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார். “எனக்கு எடது பக்கம் எப்பவுமே பால் கம்மிம்மா. மூணு பிள்ளைக்கும் அப்படித்தான். வலது பக்கம் அக்குள்கிட்ட ஒரு நெறி மாதிரி இருக்கும், தூரம் வர்றதுக்கு முன்னாடி வலிக்கும், அப்புறம் போயிரும். அம்பது வயசுல எல்லாம் நின்னதும் அதுவும் போயிருச்சு.”

எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய உடம்பை அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்கலாம், புதிதாக எது தெரிந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றேன். புதுக்கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தக் கசிவு, அக்குளில் நெறி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வருஷத்துக்கு ஒருதரம் டாக்டரம்மாவிடமும் காட்டிவிட வேண்டும் என்றேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

“அப்போ அமாவாசையா வச்சுக்கிறேன். அன்னைக்குத்தான் தலைக்கு ஊத்திக்கிற நாள், மறக்காது.”